காற்றும் பாரமும்

கல்யாணத்துக்கோ க்ஷேத்திர யாத்திரைக்கோ வேன் பேசும் குடும்பஸ்தர்கள் வாடகை கேட்பார்கள். டிரைவர் படி கேட்பார்கள். பாட்டு உண்டா என்றும் கேட்பார்கள். சக்கரத்தில் எத்தனை காற்று இருக்கிறது என்று கேட்டவரை நாம் இதுவரை கண்டதில்லை. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் கேட்டாலும், "எப்போதும் போல" என்றே விடை வரும். வண்டியில் இருவர் இருந்தாலும் சரி, பதின்மூவர் இருந்தாலும் சரி!

பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் பெரும்பங்கைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றுத்தான். கணக்கு மிகவும் எளிது. ஒரு சக்கரத்தின் மேல் 420 கிலோ பாரம் என்று கொள்வோம். உள்ளே 30 காற்று, அதாவது சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் அழுத்தம், இருந்தால் டயர் ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் தரையில் பதியும். ஆட்களும் மூட்டைகளும் ஏறி, அதே சக்கரத்தின் மேல் 700 கிலோ வந்துவிட்டால்? காற்று அதே 30 ஆனால், 330 சதுர சென்டிமீட்டர் பதிந்தாக வேண்டும். பக்கச் சுவர் பிதுங்கி, ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடக்கத்தில் சூடு பிறக்கிறது. சித்திரை வெயிலில், நெடுஞ்சாலையில், வேகமாக ஓடும்போது அந்தச் சூடே டயரை வெடிக்கச் செய்கிறது. காற்றை 50 ஆக்கினால் பதிவு மறுபடி 200-க்குத் திரும்பும்.

அப்படியானால் எந்நாளும் 50 வைத்துவிடலாமே என்பார் சிலர். காலி வண்டியில் அது வேறு உபத்திரவம். டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், வண்டி துள்ளும், நனைந்த சாலையில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

தத்தம் வண்டிக்குரிய அளவை வண்டி செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். பல வேன்களில் காலி வண்டிக்கு ஓர் அளவும் முழுப் பாரத்துக்கு வேறோர் அளவும், முன் சக்கரம் பின் சக்கரம் என்று பிரித்துக் காணலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் உச்ச வரம்பைக் குறிப்பது. அதுவரை அடிக்க வேண்டும் என்பதல்ல. சீட்டில் கண்ட பாரத்துக்கு மேல் ஏற்றினாலோ எந்தக் காற்றும் காப்பாற்றாது.

புறப்படுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் கூடுதலாகத்தான் காட்டும். அதைக் கண்டு பயந்து நடுவழியில் காற்றை இறக்கிவிடும் மேதாவிகளும் உண்டு! ஸ்டெப்னியையும் அப்போதே அளக்கச் சொல்லுங்கள். அது சப்பையாகக் கிடக்கும் சங்கதி பெரும்பாலும் மலைப்பாதையில்தான் தெரியவருகிறது.