தனித்திருப்பது மறக்குமோ?

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையின் உச்சியில் எழும் புகை சிறிது பொழுதிற்குள் வானிற் கலந்து மறைகின்றது. அஃது எக்கொப்பரையினின்று எழுந்தது என்பதை மறுநாட் காற்றினிடம் கேட்டறிவார் எவருமிலர். இவ்வாறே பெருந்திரளான அணுக்கள் யாவும் தம் தொடக்கத்தை மறந்து சமநிலை எய்துகின்றன எனப் பௌதிக நூலார் கூறுவதுண்டு. ‘மறத்தல்’ என்னும் இச்சொல் பொருந்தாது என்பதே என் துணிபு.

மலைப்புகை தனித்த அமைப்பன்று. காற்றும் வெயிலும் அதனை ஓயாது தொடுகின்றமையின், அதன் செய்தி வெளியே சிதறிற்று எனல் எளிது. புறத்தொடர்பு சிறிதுமின்றி அடைபட்ட அணுத்திரளே ஈண்டு வினாவிற்குரியது. 1926-ஆம் ஆண்டில் ஷ்ரோடிங்கர் வகுத்த சமன்பாட்டின்படி, அத்தகைய அமைப்பின் மாறுதல் பின்னோக்கித் திருப்பத்தக்கது. வெவ்வேறான இரு தொடக்கங்கள் ஒரே முடிவில் ஒருகாலும் வந்து சேரா. எனவே எதுவும் அழிந்திலது. ஆயினும் நம் கண்முன் சூடும் குளிரும் கலந்து ஒருபடித்தாகின்றன. இம்முரண் தீருமாறு யாங்ஙனம்?

தோழர்காள், தமிழ் பயில்வார்க்கு இதன் விடை அயலானதன்று. நன்னூலார் உரைத்த எண்வகைப் பொருள்கோளுள் கொண்டுகூட்டு என்பது ஒன்று. செய்யுளின் பல அடிகளிலும் சிதறிக் கிடக்கும் சொற்களை வேண்டியவாறு கூட்டியே ஆண்டுப் பொருள் கொள்ளல் வேண்டும். ஓரடியைப் பிரித்து நோக்குவார்க்கு அது வெறுஞ் சொற்குவியலே. தனித்த குவாண்டம் அமைப்பிலும், காலஞ் செல்லச் செல்ல அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தொடக்கத்தின் செய்தி தனியணு எதனிடத்தும் இராது, அவற்றின் உறவிற் சென்று தங்குகின்றது. சிறு பகுதியை நோக்குவார் வெப்பத்தை மட்டுமே காண்பர். (உவமை ஓரளவே செல்லும்: செய்யுளிற் சொல் தனித்தும் பொருள் தரும், பின்னிய அணுவிற்கோ தனக்கென முழுநிலை இல்லை.) டாய்ட்ஷ் 1991-இலும் ஸ்ரெட்நிக்கி 1994-இலும் ஒருபடி மேற்சென்று, இவ்வெப்பத் தோற்றம் திட்டமான ஆற்றலுடைய ஒவ்வொரு நிலையிலும் முன்னரே பொதிந்துளது என்று கருதினர்.

நிற்க. “எவராலும் மீட்கலாகாத நினைவு மறதியின் வேறோ?” என்பர் சிலர். வலிய தடையே இது. ஆயினும் 2016-இல் ஹார்வர்டு ஆய்வாளர் ஆறு ருபிடியம் அணுக்களைக் கொண்டு இதனைச் சோதித்தனர். ஒரே வகையான இரு படிகளை அமைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, பகுதிகள் வெப்பமுற்றன போலத் தோன்றவும், முழுமை தன் தூய நிலையினின்று வழுவாதிருத்தல் புலனாயிற்று. அணுக்கள் பெருகின் இச்சோதனை கைக்கு எட்டாது போம் என்பதை யானும் உடன்படுவேன். எட்டாமை நம் கையின் குறை. அதனைப் பொருளின் மறதி எனல் தகாது.

மறைத்து வையாத அமைப்புக்களும் உள. 2006-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒற்றை வரிசையில் இயங்கவிட்ட அணுக்கள், ஆயிரக்கணக்கான மோதல்களின் பின்னும் சமநிலை எய்தாது ஊசலாடின.

நம் சென்னையிலும் இவ்வாராய்ச்சி நடைபெற்றுளது. ஐ.ஐ.டி.யைச் சார்ந்த அருள் லட்சுமிநாராயண், வைபவ் மாதோக் ஆகியோர் ஷ்ருதி டோக்ராவுடன் கூடி, ‘உதைபடு பம்பரம்’ எனத்தகும் மாதிரியை மூன்று, நான்கு கியூபிட்டுகளுக்குத் துல்லியமாகத் தீர்த்து 2019-இல் வெளியிட்டனர். சமநிலையின் சாயல் காணக் கோடி அணுக்கள் வேண்டும் என்று எண்ணியிருந்தோம். அவ்வளவு சிறிய அமைப்பிலும் அது தலைகாட்டிற்று.