நகரமைக்கக் கற்பது எங்கே?

"மருத்துவமா, பொறியியலா?" பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களைக் காணும் பெரியோர் யாவரும் கேட்கும் வினா இது. இவ்விரண்டும் அன்றி மூன்றாவதாக ஒரு துறை உண்டு. அதுவே நகரமைப்பு.

நகரம் தானே வளர்வது போலத் தோன்றும். ஆனால் சாலை எவ்வழிச் செல்வது, ஏரி எங்கே நிலைப்பது, ஏழைக்கு எங்கே வீடு என்பதையெல்லாம் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். அம்முடிவு தவறினால் விளைவது என்ன? 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளமே சான்று. நீர் தங்கும் நிலத்தில் வீடு எழுந்தால், நீர் வீட்டில்தானே தங்கும்!

இத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற இரண்டாண்டுகள் பயில வேண்டும். எங்கே பயில்வது? புதுதில்லியிலுள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் போக்குவரத்து, வீட்டுவசதி, சுற்றுச்சூழல் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அகமதாபாத்தின் செப்ட் நிறுவனத்தில் 1972 முதல் திட்டமிடல் கற்பிக்கப்படுகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யும் இருக்கிறது. நம் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது.

இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்குப் பலர் கொள்ளும் அளவுகோல் இரண்டே. ஒன்று, பெயர். மற்றொன்று, தூரம். "பெண் பிள்ளைக்குத் தில்லி எதற்கு?" என்ற பேச்சோடு எத்தனையோ கனவுகள் முடிந்துவிடுகின்றன. இவ்விரண்டும் சரியான அளவுகோல்கள் அல்ல என்பதே எங்கள் கருத்து.

ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடஸ் 1914-ல் சென்னைக்கு வந்தார். தமிழகத்து ஊர்களை நேரில் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மருந்துக்கு முன் நோயறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மருத்துவனுக்கு நம் வள்ளுவர் சொன்னதும் அதுவன்றோ? ஆகவே, மாணவரை வீதிக்கு அனுப்பி, மக்களிடம் கேட்டறியச் செய்யும் படிப்பே சிறந்த படிப்பு. பேருந்து நிலையை ஆராய விழைபவள், போக்குவரத்துக்கெனத் தனிப்பிரிவுள்ள தில்லிக்குச் செல்லட்டும். நம் ஊர்களிலேயே பணியாற்ற விரும்புபவள், 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தையும் நம் மண்ணையும் சென்னையிலேயே கற்கட்டும். அருகில் படிப்பது இழிவன்று. அச்சத்தால் அருகில் படிப்பதே இழப்பு.

விளக்கில்லாத நிறுத்தத்தில் மாலையில் நிற்பதன் துன்பம் பெண்ணுக்குத் தெரியும். கழிப்பறை இல்லாத கடைவீதியின் துன்பமும் அவளுக்குத் தெரியும். வரைபடம் தீட்டும் மேசையருகே அவள் இல்லையெனில், அத்துன்பங்களை அங்கே யார் எடுத்துரைப்பார்?

பெற்றோரே, தூரத்தை மட்டும் அளக்காதீர்கள். மகளின் நோக்கத்தையும் அளந்து பாருங்கள்.

தோழியரே, அடுத்த ஆண்டு பாடப்பிரிவைத் தேர்வு செய்யப் போகிறோம். இளநிலையிலேயே திட்டமிடல் பயில விரும்புவோர் கணிதத்தைக் கைவிடலாகாது. கணிதம் கசக்கிறதா? கலங்க வேண்டாம். புவியியல், பொருளியல், சமூகவியல் ஆகியவற்றில் முதுகலை முடித்தோருக்கும் தில்லிப் பள்ளி இடமளிக்கிறது. வழிகள் பல உள்ளன. எந்த ஊரின் எந்தக் குறையைத் தீர்க்கப் போகிறோம் என்பதை முதலில் எண்ணுவோம். கல்லூரியை அதன்பின் தேர்வோம்!