தாத்தாவுக்குப் பாட்டு புரியட்டும்!

"சத்தம் நல்லாத்தான் கேக்குது. என்ன பாடுறாங்கன்னுதான் புரியல." ஸ்டீரியோ உள்ள வீடுகளில் தாத்தாக்கள் சொல்லும் புகார் இது. காது மந்தம் என்று பேரன் சிரித்துவிடுகிறான். பாதிக் குற்றம் ஈக்குவலைசருடையதாக இருக்கலாம்.

பல வீடுகளில் அதன் இரு ஓரப் பட்டன்களும் மேலே, நடுப் பட்டன்கள் கீழே இருக்கும். பாஸ் அதிரும், ஜால்ரா ஜொலிக்கும், குரல் அமுங்கிப்போகும். சொற்களின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியில்தான் இருக்கிறது.

கொல்லிமலை திருப்புலி நாடோ, சென்னையோ, தகரக் கூரை வீடென்றால் பாஸுக்குக் கூரையும் சேர்ந்து அதிரும். ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் பாஸ் இன்னும் கூடும். அதனால் முதலில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி வைக்க வேண்டும்.

பிறகு எல்லாப் பட்டன்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தாத்தாவுக்கு மனப்பாடமான பாட்டைப் போடலாம். குரல் தெளியவில்லையா? நடுவை ஏற்றும் முன் பாஸைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பதே நல்லது. ஏற்றினால் செலவு அதிகம்: 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. தாங்காதபோது ஒலி கரகரக்கும், ட்வீட்டரே எரிந்தும் போகலாம்.

பட்டனைத் திருத்தும்போது தாத்தா பக்கத்தில் இருக்கட்டும். அவருக்கு வரி புரிந்த இடத்தில் நிறுத்திவிடலாம். அப்படியும் புரியவில்லை என்றால், அடுத்துப் போக வேண்டியது காது மருத்துவரிடம்.