மிஷினை இறக்கிட்டு மனு போட்டா எப்படி?

சேலம்:
பேங்க் லோன் கிடைச்சாச்சு. ஷெட் போட்டாச்சு. பாய்லரும் லாரியில் வந்து இறங்கியாச்சு. அப்புறம்தான் ஞாபகம் வருகிறது, 'பொல்யூஷன் போர்டு லைசென்ஸ்'. ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் சிறுதொழில் நடத்துகிறவர்களில் பலர் இப்படி தலைகீழாகத்தான் போகிறார்கள்.

1981-ம் ஆண்டு காற்று மாசு தடுப்புச் சட்டப்படி, புகை விடும் ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. அஸ்திவாரம் தோண்டும் முன்பே 'நிறுவ' ஒன்று. கட்டி முடித்து ஓட்டும் முன் 'இயக்க' இன்னொன்று. மனு ஆன்-லைனில்தான். நிலப் பத்திரம், வரைபடம், என்ன எரிபொருள், சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்று எல்லாம் கேட்பார்கள். அந்த மதிப்பை வைத்துத்தான் கட்டணமும்.

சிக்கல் புகைபோக்கியில் இருக்கிறது. மணிக்கு 2 டன்னுக்கு குறைவாக நீராவி தரும் பாய்லர் என்றால் 9 மீட்டர், அல்லது பக்கத்து கட்டடத்தைப் போல இரண்டரை மடங்கு. எது அதிகமோ அதுதான் கணக்கு. பக்கத்தில் 5 மீட்டர் உயர வீடு இருந்தால் பன்னிரண்டரை மீட்டர் ஏற்றணும். ஜெனரேட்டருக்கு வேற கணக்கு. 100 கே.வி.ஏ. என்றால் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர். ஷெட் போட்ட பிறகு இதைக் கேள்விப்பட்டால் கூரையைப் பிரிக்க வேண்டியதுதான்.

'அலைய விடுறாங்க' என்று முதலாளிகள் புலம்புகிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் 4 மாதத்துக்குள் முடிவு சொல்லணும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. மறுத்தால் 30 நாளில் அப்பீல் போகலாம். மாசு மிகக் குறைவான 'வெள்ளை' பட்டியல் தொழில்களுக்கு இசைவாணையே வேண்டாம் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. உங்க பட்டறை எந்த கலர் என்று முதலில் பாருங்கள்.

கோவை தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதி இல்லாமல் ஓடிய நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. சூளைப் புகையில் கிடந்த ஊர்க்காரர்கள் மூச்சு விட்டார்கள். முதலாளி வேறு தொழில் பார்ப்பார். கல் அறுத்தவருக்கு அடுத்த வாரக் கூலி?

யார் யாருக்கு இசைவாணை கொடுத்திருக்கிறது என்ற பதிவேட்டை வாரியம் வைத்திருக்க வேண்டும். புகையால் பாதிக்கப்பட்டவர்கள் அதைப் போய்ப் பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் ஆபீஸ் சேலத்திலும் இருக்கு, நாமக்கல்லிலும் இருக்கு. யாரும் போய்ப் பார்த்ததாகத்தான் நாம் கேள்விப்படவில்லை.