கோவளத்தில் ஒரு கோட்டை இருந்தது

கோவளம் என்றால் கேரளா ஞாபகம் வரும். நம்ம ஊர் கோவளம் என்றால் தர்கா, மீன் வறுவல், அலைச்சறுக்கு... அவ்வளவுதான். திருப்போரூர் வட்டத்துக் கோவளத்தில் ஒரு கோட்டை இருந்தது என்று சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள்.

ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் 1740களில் கட்டிய கோட்டை அது. 1750-ல் அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த கதை சினிமாவையே மிஞ்சும். கரைக்கு அருகே ஒரு கப்பல் ஆபத்து என்று சைகை காட்டி நின்றது. மாலுமிகள் பலர் நோயில் செத்துவிட்டார்கள், மிச்சம் இருப்பவர்களையாவது காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினார்கள். கோட்டைக்காரர்கள் இரக்கப்பட்டோ, காசுக்கு ஆசைப்பட்டோ உள்ளே விட்டார்கள். ஒல்லியாக, நோயாளி போல வந்த முப்பது பேரின் உடைக்குள் ஆயுதங்கள்! அன்று இரவே கோட்டை கைமாறியது.

1752-ல் ராபர்ட் கிளைவ் வந்தார். அவரிடம் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் போர் பார்த்தறியாதவர்கள். பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்த ஒருவன் கிணற்றுக்குள் ஒளிந்திருந்தானாம்! அவர்களை வைத்தே கிளைவ் கோட்டையைப் பிடித்தார். பிறகு அது தகர்க்கப்பட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பது தாஜ் குழுமத்தின் சொகுசு விடுதி. அதை டச்சுக் கோட்டை என்று சொல்வாரும் உண்டு. கட்டியவர் பெயர்கூட மறந்துபோய்விட்டது.

விடுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. கோட்டை போய் இருநூறு வருடம் கழித்து வந்தது அது. ஆனால் ஆற்காட்டு முற்றுகையை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதும் மாணவனுக்கு, அடுத்த வருடமே கிளைவ் பக்கத்து ஊரில் சண்டை போட்டது தெரியாமல் இருப்பது நியாயமா? எல்லோரும் நடமாடும் கடற்கரையில் இந்தக் கதை தமிழில், பெரிய எழுத்தில் நிற்க வேண்டும்.

கோவளத்தில் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை, சரி. இதே கரையில் தெற்கே போனால் இரண்டு கோட்டைகள் இன்னும் இருக்கின்றன. கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை. சித்திர வேலைப்பாடு கொண்ட கல்லறைகள் உள்ள அதை மத்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. இன்னும் தெற்கே, கடப்பாக்கத்தில் ஆலம்பரை. நாணயச் சாலையும் படகுத்துறையும் இருந்த அந்தக் கோட்டையை 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். உடைந்த செங்கல் சுவர்கள்தான் இப்போது மிச்சம். அதில் காதலியின் பெயரைச் செதுக்குகிறவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். கிளைவுக்காவது கோட்டையை உடைக்க ஒரு காரணம் இருந்தது!

மாமல்லபுரத்தோடு திரும்பிவிடும் கல்லூரிச் சுற்றுலாக்கள் ஒருமுறையாவது ஆலம்பரை வரை போகட்டும். அதுவும் இன்னொரு கோவளம் ஆவதற்குள்.