ஜிம்மியின் அரைகுறைப் படிப்பு

அரைகுறையாகச் சங்கீதம் கற்றவர்கள் பாடிக் கேட்டிருக்கிறோம். அரைகுறையாகச் சமையல் கற்றவர்கள் கையால் சாப்பிட்டும் இருக்கிறோம். அரைகுறையாக வேட்டை கற்ற நாயுடன் வயல் வரப்பில் நடந்ததுண்டா, வாசகியரே? எனக்கு அந்தப் பாக்கியம் இரண்டு முறை கிடைத்தது.

முதல் நாய் ஜிம்மி. 1965-ஆம் வருஷம், எனக்குப் பத்து வயது. பூந்தமல்லிக்கு அப்பால் அப்போதெல்லாம் ஏரிப் பாசன வயல்கள்தான். மார்கழிக் காலையில் அப்பா லைசென்ஸ் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு உள்ளான் சுடக் கிளம்புவார். குளிர்காலத்தில் வட ஆசியாவிலிருந்து நம் சேற்று வயல்களுக்கு வரும் நீள அலகுக் குருவி அது. மண்ணோடு மண்ணாகப் பதுங்கிக் கிடக்கும். கிளம்பினால் வளைந்து வளைந்து பறக்கும். சுடுவது மகா கஷ்டம். அதன் ஆங்கிலப் பெயரான 'ஸ்னைப்' என்பதிலிருந்துதான் 'ஸ்னைப்பர்' என்ற சொல்லே, இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களிடையே பிறந்தது.

ஜிம்மி, பாயிண்டர் ஜாதி. அந்த ஜாதிக்கு வேலை கடிப்பதல்ல, காட்டுவது. பறவையின் வாடை வந்ததும் ஒரு முன்காலைத் தூக்கி, வாலை நீட்டி, மூக்கை அந்தத் திசையில் வைத்துச் சிலையாக நிற்க வேண்டும்; எஜமானர் வரும்வரை அசையக் கூடாது. ஜிம்மி முதல் பாடத்தை நன்றாகக் கற்றிருந்தது. இரண்டாவது பாடத்தன்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டது போலும்! அப்பா பத்தடி வைப்பதற்குள் பாய்ந்துவிடும். உள்ளான்கள் அத்தனையும் பறந்துவிடும். தவளைக்கும், ஒரு நாள் ஒரு பாட்டியின் கருவாட்டுக் கூடைக்கும்கூட அதே மரியாதையுடன் நின்றது.

அம்மா அம்மியில் மசாலா அரைத்து வைத்துக் காத்திருப்பாள்.

"மசாலா தயார். குருவி எங்கே?"

"ஜிம்மியைக் கேள்!" என்பார் அப்பா.

அன்று கத்தரிக்காய்க்கு யோகம். ஆனால் அப்பா ஜிம்மியைக் கோபித்து நான் பார்த்ததில்லை. சேறு அப்பிய காலும் வெறுங்கையுமாகச் சிரித்துக்கொண்டே வருவார். சுட்டது கொஞ்சம், நடந்தது நிறைய. அந்த நடைதான் அவருக்கு ருசி என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-இல் செய்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு இது புதிய நியாயமல்ல. சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறுக்காமல் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இலேயே பாதுகாப்பு வாங்கியவர்கள் வேடந்தாங்கல் கிராமத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு எத்தனை நல்லது என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஆவடியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரன் வளர்க்கும் ராஜாவும் அதே ஜாதி, அதே படிப்பு! சென்ற சித்திரையில் ஓர் ஏரிக்கரையில், பாவம் ஓடட்டுமே என்று சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவி ஒன்று அலறிக்கொண்டு வட்டமிட்டது. ராஜா ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நின்றது. எட்டிப் பார்த்தேன். அதன் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில், வெறுந்தரையில், கூழாங்கற்களைப் போல நான்கு முட்டைகள்!

அதட்டினால் பாயும். சங்கிலியோ என் கையில். அப்பா சொல்வது ஞாபகம் வந்தது: "கூப்பிடாதே. மெல்லப் போய் முதுகில் கை வை." பத்தடி தூரம்தான், மூட்டுவலிக்காரிக்கு அது பத்து மைல். எட்டாவது அடியில் ராஜாவின் தொடை துடித்தது. என் நெஞ்சும்தான். ஒன்பது... பத்து... கை பட்டது, சங்கிலியும் மாட்டியது.

கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பார்த்தேன். குருவி இறங்கி, நாலாபுறமும் பார்த்து, முட்டைகள்மேல் உட்கார்ந்தது.

நாய் வளர்க்கும் சகோதரிகளே, பங்குனியிலிருந்து ஆடி வரை ஏரிக்கரையில் சங்கிலியை அவிழ்க்காதீர்கள். நம் செல்லம் படித்த பிள்ளையானாலும் சரி, ஜிம்மியின் வகுப்புத் தோழனானாலும் சரி. தரையில் முட்டையிடும் குருவிக்குத் துப்பாக்கியும் ஒன்றுதான், நாலு காலும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள், "என்ன அத்தை, இன்றைக்கு என்ன வேட்டை?" என்றாள்.

"கத்தரிக்காய்தான்!" என்றேன்.