ஆறு வருஷமா... ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போயிருந்தேன். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெர்ரி வாங்கியபோது, கடையில் நின்ற தங்கை என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, நீங்க ரேடியோவுல பேசுறவங்கதானே? திங்கட்கிழமை எனக்கு ஹோட்டல்ல இன்டர்வியூ. என் இங்கிலீஷ் சரியான்னு சொல்லுங்களேன்."

"ஐ வொர்க்ட் இன் மை மதர்ஸ் ஸ்டால் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்றாள்.

"அப்ப கடையை விட்டுட்டியாம்மா?"

"இல்லக்கா, இதோ நிக்கிறேனே!"

சிக்கலே அதுதான். 'வொர்க்ட்' என்றால் முடிந்துபோன கதை. உடனே "ஐ ஆம் வொர்க்கிங்" என்று மாற்றினாள். அதுவும் பொருந்தாது. தமிழில் 'ஆறு வருஷமா வேலை செய்றேன்' என்று நிகழ்காலத்தில் சொன்னாலே போதும். ஆங்கிலத்தில் அன்று தொடங்கியது இன்றும் நடக்கிறது என்பதை வினைச்சொல்லே காட்ட வேண்டும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்."

பக்கத்திலேயே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். அதை வைத்தே இன்னொன்று சொன்னேன்: "போ ஹேஸ் பீன் குரோயிங் டீ சின்ஸ் 1929." தொடங்கிய ஆண்டைச் சொன்னால் 'சின்ஸ்', மொத்தக் காலத்தைச் சொன்னால் 'ஃபார்'.

"அப்ப எல்லாத்துக்கும் 'ஹேவ் பீன்' போட்டுடலாமாக்கா?"

கூடாது. காலையிலிருந்து நாற்பது பெட்டி விற்றிருந்தால், "ஐ ஹேவ் சோல்ட் ஃபார்ட்டி பாக்சஸ்" என்பதே சரி. 'எவ்வளவு காலமாக?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் 'ஹேவ் பீன்' வரும். 'எத்தனை?', 'முடிந்ததா?' என்ற கேள்விகளுக்கு வெறும் 'ஹேவ்' போதும்.

இரண்டு விஷயங்களை மட்டும் மறக்க வேண்டாம். 'வொர்க்', 'லிவ்' போன்ற சொற்களில் "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்றாலும் பிழையில்லை. ஆனால் 'நோ' என்ற சொல்லுக்கு 'ஐஎன்ஜி' ஒட்டாது. ஒருவரைப் பத்து வருஷமாகத் தெரியும் என்றால் "ஐ ஹேவ் நோன் ஹிம்" மட்டும்தான்.

இன்டர்வியூவில் ஒரு சொல் மாறினால், ஆறு வருட உழைப்பு இன்றும் தொடர்கிறதா, என்றோ நின்றுபோனதா என்று எதிரே இருப்பவர் குழம்பிவிடுவார். வேலை கேட்டுப் போகும் பிள்ளைக்கு அது சின்ன நஷ்டமா?

கிளம்பும்போது ஒரு வெளிநாட்டுப் பயணி அவளிடம் ஏதோ கேட்டார். "ஐ ஹேவ் பீன் ஹெல்பிங் மை மதர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்ற பதில் தடுமாறாமல் வந்தது. என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

உங்கள் வேலையைப் பற்றியும் இன்று இப்படி ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!